முயலின் வயிறும் மாமாவின் வாயும்

என் கணவரின் அண்ணன் வளைகுடா வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்து சேர்ந்தபோது, கார்கோவில் ஒரு சோபா செட் வந்தது, பெரிய டிவி ஒன்று வந்தது, பெட்டி பெட்டியாகப் பேரீச்சம்பழம் வந்தது. இவை எல்லாவற்றையும்விடக் கனமானது அவருடைய அபிப்பிராயம். அதை மட்டும் கையோடு விமானத்தில் கொண்டுவந்துவிட்டார். மேட்டூரில் எப்போது தண்ணீர் திறக்க வேண்டும் என்பதிலிருந்து ரசத்தை எப்போது இறக்க வேண்டும் என்பது வரை அவர் சொல்லாத விஷயமில்லை. யாரும் கேட்டதுமில்லை.

எங்கள் வீடு தஞ்சாவூருக்கு வெளியே, வயலை மனை பிரித்து விற்ற ஒரு நகரில் இருக்கிறது. கீழே அவரும் அவர் மனைவியும், மாடியில் நானும் என் கணவரும். நான் அவரை மாமா என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். பின்சுவருக்கு அந்தப் பக்கம் மனையாகாமல் தப்பிய வயல்கள். அதில் ஒரு துண்டு எங்கள் குடும்பத்துடையது. மாமா அதைக் குத்தகைக்கு விட்டிருந்தார். சேற்றில் இறங்கினால் கால் கெட்டுப்போகும் என்பது அவர் கட்சி. காலைக் கெடுக்காத அந்த மனிதர் பகல் முழுக்கச் சோபாவில் அதை நீட்டி வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர்களுடைய ஒரே மகள் திருவாரூர்ப் பக்கம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து விடுதிக்குப் போனாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று மாமா ஒரு முயல் வாங்கிக்கொண்டு வந்தார். வெள்ளை முயல், பெட்டை. கடைக்காரன் கொடுத்த கூண்டின் கதவில் ஒரு கேரட் படம் ஒட்டியிருந்தது. முயலைப் பற்றி மாமா படித்த பாடம் அந்தப் படம் ஒன்றுதான்.

"முயலுன்னா கேரட்டுதாம்மா. இதுல தெரிஞ்சுக்க என்ன இருக்கு?" என்றார் என்னிடம்.

காலையில் கேரட். அவர் டீயோடு பிஸ்கட் தின்றால் அதற்கும் பிஸ்கட். மதியம் அவர் தட்டிலிருந்து தயிர்சாதம். சாயங்காலம் பொட்டுக்கடலை. வருகிறவர்களுக்கெல்லாம் முயலைக் காட்ட வேண்டுமே, அதற்காகப் பேரீச்சம்பழம். கையிலிருந்து அது பிடுங்கித் தின்னும் அழகைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர்கள் வாய் பிளப்பார்கள். மாமாவுக்கு அன்றைய பொழுது நிறைந்துவிடும். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை புல்லாகக் கிடக்கிற ஊர் இது. நெல்லே ஒரு புல்தான். அந்தப் புல்லில் ஒரு தாள்கூட அந்த முயலின் வாய்க்குப் போகவில்லை.

நான் தஞ்சாவூரில் ஒரு லேப்பில் வேலை செய்கிறேன். ரத்தம், சிறுநீர், மலம் இவைதான் என் பிழைப்பு. எங்கள் குடும்பத்தில் இதைச் சொல்லும்போது எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். கல்யாண வீடுகளில் "ஆஸ்பத்திரி உத்தியோகம்" என்று பூசி மெழுகுவார் மாமா. எனக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை. அதனால்தானோ என்னவோ, கீழே போகும்போதெல்லாம் முயலின் முகத்தைவிட அதன் புழுக்கைதான் என் கண்ணில் முதலில் படும். வந்த புதிதில் சுண்டைக்காய் அளவில் உருண்டையாக, உலர்ந்து கிடந்தன. சில வாரத்தில் மிளகு மாதிரி சிறுத்தன. பிறகு ஒன்றோடொன்று முடியால் கோத்த மாதிரி தொங்க ஆரம்பித்தன.

"மாமா, புழுக்கை சிறுத்துப்போச்சு பாருங்க. வயித்துல ஏதோ சரியில்ல" என்றேன்.

"லேப்லயே உக்காந்திருக்கியா, ஒனக்கு எதைப் பார்த்தாலும் சாம்பிளாத் தெரியுது. வீட்டுக்கு வந்தா வேற யோசனையே கெடையாதா?"

அக்கா சிரித்தார். என் கணவரும் சிரித்தார். அண்ணன் எது சொன்னாலும் சிரிப்பதென்று சின்ன வயதில் பழகிவிட்டார். இன்னும் அவருக்கு அது மாறவில்லை.

அடுத்து இன்னொன்று நடந்தது. கூண்டின் மூலையில் குட்டித் திராட்சைக் கொத்து மாதிரி, பளபளவென்று, மெத்தென்ற எச்சம் கிடந்தது. நாற்றம் வேறு. முயலின் பின்பக்க முடியிலும் அப்பியிருந்தது. ஒரு காலையில் அது குனிந்து தன் பின்புறத்திலிருந்தே அதை வாயால் எடுத்துத் தின்பதை மாமா பார்த்துவிட்டார். வீடே கிடுகிடுத்தது.

"அய்யய்யோ! தன் பீயத் தானே திங்குது! மூளைக்கு ஏறிப்போச்சு!"

உடனே வாட்ஸப்பில் பஞ்சாயத்து கூடியது. வளைகுடாவிலிருந்து திரும்பிய நண்பர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். ஏசி மெக்கானிக், கிரேன் ஓட்டியவர், சமையல்காரர் எல்லோரும் அன்று கால்நடை நிபுணர்கள் ஆனார்கள். வயிற்றுப்போக்கு என்று ஒருவர் தீர்ப்புச் சொன்னார். வாழைப்பழம் கொடு என்றார் மற்றொருவர். கஞ்சி கொடு என்றார் மூன்றாமவர். மாமா மூன்றையும் ஏற்றுக்கொண்டார். போதாததற்கு எச்சத்தைத் தின்னவிடாமல் கூண்டுக்குள் நின்று காவல் காக்காத குறையாக, அது குனியும்போதெல்லாம் கையைத் தட்டி விரட்டினார்.

அந்த வாரக் கடைசியில் மகள் வந்தாள். வந்தவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அப்பா, அது பீ இல்லப்பா. முயலுக்கு ரெண்டு விதமாப் போவும். ஒண்ணு காஞ்ச புழுக்கை. இன்னொண்ணு இது. இதுலதான் அதுக்குச் சத்தே இருக்கு. திரும்பத் திங்கலேன்னாத்தான் ஒடம்புக்கு ஆவாது."

"படிக்கப் போன எடத்துல இதைத்தான் சொல்லித் தர்றாங்களா?" என்றார் மாமா.

அவள் என்னைப் பார்த்தாள். "சித்தி, நீங்களாவது சொல்லுங்க."

நான் சொல்லிச் சலித்துப்போயிருந்தேன். இருந்தாலும், புல் போட்டுப் பாருங்கள் என்று மறுபடி சொன்னேன். புல்லில் பூச்சி இருக்குமாம். மாடு தின்பதை முயலுக்குப் போடுவது கேவலமாம். வாங்கின முயலுக்கு ஒரு அந்தஸ்து இருக்கிறதாம். இதையெல்லாம் அவர் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் சொன்னார்.

புரட்டாசி முடிந்ததும் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மன்னார்குடிப் பக்கம், நிலபுலன் உள்ள குடும்பம். பையன் சென்னையில் வேலை. அவனுடைய அப்பா, அம்மா, அக்கா, அக்காவின் பிள்ளைகள் என்று ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். கூடத்தில் கேசரியும் பஜ்ஜியும் மிக்சரும் சுற்றி வந்தன. பெண்ணை உள்ளறையில் புடவை கட்டி உட்கார வைத்திருந்தார்கள். மாமா பெண்ணைக் கூப்பிடுவதற்கு முன்னால் முயலைக் கூப்பிட்டார். கூண்டோடு தூக்கிக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் வைத்தார்.

பிள்ளைகள் பாய்ந்து வந்தன. ஒன்று கேசரியைத் திணித்தது. இன்னொன்று மிக்சரை அள்ளிப் போட்டது. பையனின் அப்பா, பெரிய மீசைக்காரர், பஜ்ஜியைப் பிட்டு மாவை மட்டும் எடுத்து நீட்டினார். முயல் வாங்கிக்கொண்டது.

"பாருங்க, நம்மூரு முயலு. எதையும் செரிக்கும்" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் தண்ணீர் செம்போடு நின்றுகொண்டிருந்தேன். "வேணாங்க, அதுக்கு ஏற்கெனவே வயிறு சரியில்ல" என்றேன்.

மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவர்கள் பக்கம் திரும்பிப் பல்லைக் காட்டினார்.

"அவ அப்படித்தான் சொல்லுவா. நீங்க குடுங்க மச்சான், குடுங்க. அதுக்கும் இன்னிக்கு விசேசந்தானே."

சம்பந்தமே முடிவாகவில்லை, அதற்குள் மச்சான் ஆகிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் இவர் தன் குடலையே உருவித் தந்திருப்பார். அகப்பட்டது முயலின் குடல்.

மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பிக் கீழே இறங்கியபோது முயல் கூண்டின் மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு பந்து மாதிரி உட்கார்ந்திருந்தது. முன்னால் வைத்த கேரட் அப்படியே இருந்தது. கேசரியின் மிச்சமும் கிடந்தது. கூண்டில் ஒரு புழுக்கை இல்லை. கிட்டே போய்க் குனிந்தேன். நறநறவென்று பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. காதைத் தொட்டேன், சில்லிட்டிருந்தது. வயிறு ஊதின பலூன் மாதிரி விறைத்திருந்தது.

"தூங்குதும்மா. நேத்து அவ்வளவு பேரு வந்து போனதுல அசதி" என்றார் மாமா சோபாவிலிருந்து.

"பல்லைக் கடிக்குது மாமா. வலியில துடிக்குது."

"பல்லைக் கடிச்சா பூச்சி. அதுக்கு மருந்து என்கிட்ட இருக்கு."

அவர் எழுந்து உள்ளே போனதும் நான் லேப்புக்குப் போன் போட்டு லீவு சொன்னேன். அதற்குள் அவர் விளக்கெண்ணெய்ப் பாட்டிலும் பாலாடையுமாக வந்துவிட்டார். குழந்தைக்குப் புகட்டுகிற அந்தப் பாலாடையை அக்கா எந்த அலமாரியிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தாரோ. மாமா கூண்டைத் திறந்து முயலின் கழுத்தைப் பிடித்துவிட்டார்.

உள்ளறையிலிருந்து மகள் ஓடி வந்தாள். அன்று அவள் விடுதிக்குத் திரும்புவதாக இருந்தது. பையைக்கூட மாட்டியிருந்தாள்.

"அப்பா, ஊத்தாதீங்க! முயலுக்கு வாந்தி எடுக்க வராது. மூச்சுக்கொழாயில போச்சுன்னா அங்கேயே செத்துரும்!"

"ஒன்னை இப்படித்தான் வளத்தேன். செத்தா போயிட்ட?"

அவர் பாலாடையைச் சாய்ப்பதற்குள் நான் அதைப் பிடுங்கினேன். எண்ணெய் என் புடவையிலும் அவர் வேட்டியிலும் கொட்டியது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் கையிலிருந்து நான் எதையும் பிடுங்கியதில்லை. அவர் வாயைத் திறந்தார். திறந்த வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. அது ஒரு அபூர்வமான காட்சி. ரசிக்க நேரமில்லை.

மகள் முயலைத் துண்டில் சுற்றிக் கூடையில் வைத்துக்கொண்டாள். ஆட்டோ வந்தது. நாங்கள் இருவரும் ஏறினோம். வேட்டியை மாற்றாமலே மாமாவும் வந்து டிரைவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வழி நெடுக டிரைவருக்கு முயல் வளர்ப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

மகள் போனில் தேடி, செல்லப் பிராணிகளைப் பார்க்கிற ஒரு தனியார் கிளினிக்கைக் கண்டுபிடித்திருந்தாள். டாக்டர் ஒரு பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். பேச்சில் சர்க்கரை கிடையாது. முயலை மேசையில் வைத்து வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மாமா பேச ஆரம்பித்தார்.

"டாக்டர், இது பூச்சிதான். நான் என்ன சொல்றேன்னா..."

"கொஞ்சம் பேசாம இருங்க சார். வயித்துல சத்தம் இருக்கான்னு கேக்கறேன்."

ஸ்டெதஸ்கோப்பை எடுத்தார். "சத்தமே இல்ல. கடைசியா எப்பச் சாப்பிட்டுச்சு? புழுக்கை எப்பப் போட்டுச்சு?"

மாமா கூரையைப் பார்த்தார். நான் சொன்னேன். நேற்று சாயங்காலத்துக்குப் பிறகு ஒன்றும் இல்லை. அதற்கு முன் சில வாரமாகப் புழுக்கை சிறுத்து முடியோடு வந்தது. மெத்தென்ற எச்சம் தின்னாமல் தேங்கிக் கிடந்தது. டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இவ்வளவு பாத்திருக்கீங்களே, அப்பவே ஏன் கொண்டாரல?"

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் சுவரில் மாட்டியிருந்த நாய்களின் படத்தை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ன கொடுத்தீர்கள் என்ற கேள்விக்கு மகள்தான் பதில் சொன்னாள். கேரட், பிஸ்கட், தயிர்சாதம், பேரீச்சம்பழம், வாழைப்பழம், கேசரி, மிக்சர், பஜ்ஜி. ஒவ்வொன்றுக்கும் டாக்டரின் முகம் இறுகிக்கொண்டே போனது.

"ஏங்க, நீங்க எந்த ஊரு?"

"இங்கதான், தஞ்சாவூரு."

"தஞ்சாவூர்ல இருந்துக்கிட்டு ஒரு முயலுக்குப் புல்லு கெடைக்கலியா?"

மாமா மறுபடி நாய்களின் படத்துக்குப் போய்விட்டார்.

அடைப்பு ஏதும் இருக்கிறதா என்று பார்க்காமல் குடலை ஓட்டுகிற மருந்து போட முடியாது என்று எக்ஸ்ரே எடுத்தார். அடைப்பில்லை. வாயு நிறைய இருந்தது. குடல் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் சொல்வதுபோல் நிதானமாக எங்களுக்கு விளக்கினார். முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதை ஓட்டுவது புல்லில் இருக்கிற நார். நார் இல்லாமல் மாவும் இனிப்பும் போனால் குடல் சோம்பிவிடும், உள்ளே புளிக்கும், வாயு கட்டும். வலி வந்தால் சாப்பிடாது. சாப்பிடாவிட்டால் குடல் இன்னும் நிற்கும். அரை நாள் சாப்பிடாத முயலைத் தூங்குகிறது என்று விட்டால் மறுநாள் புதைக்க வேண்டியதுதான்.

"கேரட்டு?" என்றார் மாமா மெதுவாக.

"கேரட்டு இதுக்கு ஜிலேபி மாதிரி சார். தினம் மூணு வேளை ஜிலேபி தின்னா உங்களுக்கு எப்படி இருக்கும்?"

வலிக்கு ஊசி போட்டார். தோலுக்கடியில் சலைன் ஏற்றினார். வெதுவெதுப்பாக வைத்திருக்கச் சொன்னார். வாயு கொஞ்சம் இறங்கியதும் கீரையையும் புல்லையும் கூழாக அரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, வாயின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார். விழுங்கினபிறகுதான் அடுத்தது. தரையில் விட்டு நடக்கவிட வேண்டும். சாயங்காலம் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

நாங்கள் எடுப்பதற்குள் மாமாவே கூடையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். எனக்கு அப்போது இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. விளக்கெண்ணெய் வாடைதான் வந்தது.

வீட்டில் மகள் விடுதிக்குப் போகாமல் உட்கார்ந்துவிட்டாள். சிரிஞ்சுக்கு என்னிடம் பஞ்சமில்லை. வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி முயலின் பக்கத்தில் வைத்தோம். அவள் மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ள, நான் பல்லுக்குப் பக்கத்திலிருக்கும் இடைவெளியில் கூழைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். முதலில் துப்பியது. பிறகு மென்றது. அக்கா வாசலில் நின்று வேளாங்கண்ணி மாதாவுக்கு வேண்டிக்கொண்டார். என் கணவர் ஆபீசிலிருந்து போன் செய்து, "அண்ணன் என்ன சொல்றாரு?" என்று கேட்டார். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அவரால் நம்ப முடியவில்லை.

சாயங்காலம் இன்னொரு ஊசி. மறுநாள் மதியம், தரையில் விட்டிருந்த முயல் சோபாவுக்கு அடியில் போய் நின்றது. வெளியே வந்தபோது அதன் பின்னால் ஒன்று கிடந்தது. சிறியது, கோணலானது, கருத்தது.

"சித்தி! போட்டுருச்சு!" என்று மகள் கத்தினாள்.

மாமா குளியலறையிலிருந்து தலையில் ஷாம்பூவோடு ஓடி வந்தார். மண்டியிட்டார். அதைப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு போனை எடுத்துப் புழுக்கையைப் படம் பிடித்தார். வளைகுடாக் குழுவுக்கு அனுப்பினார். வாழைப்பழம் கொடுக்கச் சொன்னவரும் கஞ்சி கொடுக்கச் சொன்னவரும் கைதட்டுகிற பொம்மை போட்டார்கள். முயல் பிழைத்ததில் அவர்களுக்கும் பங்கு உண்டென்று நினைத்திருப்பார்கள்.

அந்த வாரத்துக்குள் முயல் தானாகச் சாப்பிட ஆரம்பித்தது. அந்த வாரத்துக்குள்ளேயே மாமாவும் தேறிவிட்டார். முயலின் குடலைப் பற்றி எதிர்வீட்டுக்காரருக்கு அவர் பாடம் எடுப்பதை மாடியிலிருந்து கேட்டேன். "அரை நாளு சாப்பிடலேன்னா வுடக் கூடாது. நான் வுடல. காதைத் தொட்டுப் பாத்தேன், சில்லுன்னு இருந்துச்சு. உடனே தூக்கிட்டு ஓடினேன்" என்றார். விளக்கெண்ணெய் வரலாற்றிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. பாலாடை பிடுங்கப்படவே இல்லை. நான் ஆட்டோவில்கூட இல்லை. கேரட்டு ஜிலேபி மாதிரி என்பதும் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பாகிவிட்டது.

பிறகு மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது. மாமா ஸ்பீக்கரில் போட்டார். பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். பேசி முடிக்க மறுபடி வருகிறார்களாம். அக்காவுக்கு முகமெல்லாம் பல். மீசைக்காரர் கடைசியில் சொன்னார்: "பேரப்புள்ளைவோ முயலைப் பாக்கணும்னு ஒரே அடம். இந்தத் தடவ வரும்போது அதுக்கு ஸ்வீட்டு வாங்கிட்டு வர்றோம்."

மாமா பல்லைக் காட்டுவார் என்று காத்திருந்தேன்.

"வேணாம் மச்சான்" என்றார். "நீங்க குடுத்த பஜ்ஜியில அது சாவப் பாத்துச்சு. வாங்க, பாருங்க. ஆனா ஒரு பய அதுக்கு ஒண்ணும் குடுக்கக் கூடாது. நீங்களுந்தான்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். மகள் அறை வாசலில் அசையாமல் நின்றாள். சம்பந்தம் அந்த ஸ்பீக்கரில் தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு அந்தப் பக்கமிருந்து ஒரு செருமல் கேட்டது.

"அப்ப அதுக்கு என்னதான் குடுக்கணும்?"

தொலைந்தார் மனிதர். மாமா சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து ஆரம்பித்தார். நார், வாயு, இரண்டு வகைப் புழுக்கை, இரண்டாவதின் சத்து, எல்லாம் சொன்னார். மகளின் கல்யாணத் தேதியைப் பேச வேண்டிய போனில் முயலின் எச்சத்தைப் பற்றி அரை மணி பேசினார். சம்பந்தம் கெடவில்லை. அந்தக் குடும்பமும் எங்கள் குடும்பம் மாதிரித்தான் என்று புரிந்துகொண்டேன்.

இப்போது மாமா தினமும் காலையில் அரிவாளோடு பின்பக்க வயலுக்குப் போகிறார். வரப்பில் அருகம்புல் அறுக்கிறார். ஒரு நாள் மருந்தடித்த வயலின் வரப்பிலிருந்து அறுத்து வந்துவிட்டார். குத்தகைக்காரர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்தியதால் முயல் தப்பித்தது. இப்போது குத்தகைக்காரரிடம் மருந்தடித்த நாளைக் கேட்டுக்கொண்டுதான் இறங்குகிறார். முழங்கால் வரை சேறு. கால் கெட்டுப்போவதைப் பற்றி இப்போது அவருக்கு அபிப்பிராயம் இல்லை. எனக்குத்தான் இருக்கிறது. சேறோடு கூடத்தில் நடந்தால் துடைப்பது யார்?

ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. நடவு முடிந்த வயலெல்லாம் தண்ணீர். ஈரப்புல்லைக் குவித்து வைத்துச் சூடேறிப் புளித்தால் முயலுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெயில் இல்லை. நேற்று நான் கீழே இறங்கினபோது கூடத்தில் ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. கார்கோவில் வந்த சோபா முழுக்கப் புல்லைப் பரப்பி வைத்திருந்தார். உட்கார இடமில்லாமல் தானே தரையில் உட்கார்ந்து, நனைந்த புல்லை ஒவ்வொன்றாகப் பிரித்துப்போட்டுக்கொண்டிருந்தார். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"இது வீடா, மாட்டுக் கொட்டாயா?"

"சும்மா இருடி, காத்தை மறைக்காத" என்றார் மாமா. என்னைப் பார்த்ததும், "நீ லேப்லேருந்து வரும்போது ஒரு டேபிள் ஃபேன் வாங்கிட்டு வா" என்றார். "சின்னதா வேணாம். சின்னது புல்லுக்குப் பத்தாதுங்கறது என் அபிப்பிராயம்."